கொண்டல் நாட்டுக்கு மீண்டவள்

விளையாட்டு என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் சிறுவரோடு சேர்த்தே வழங்கி வருகிறோம். சிற்றில் இழைப்பதும், சிரட்டையிலே மணற்சோறு சமைப்பதும், அரசனாகவும் கள்வனாகவும் வேடம் பூண்டு ஓடுவதும் பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிட வேண்டிய காரியங்கள் என்பது உலகியல். வளர்ந்தபின் அவற்றை மீண்டும் தொடுவோரைக் கண்டால் ஊர் நகைக்கும்.

எனினும், அவ்வாறு மீண்டும் தொடுவோர் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை வளர்க்கும் ஆட்டம் அது. இளமையிலே அதில் மூழ்கியிருந்து, பின் தொழில் என்றும் குடும்பம் என்றும் விலகிப்போய், நடுவயதிலே பழைய தோழரைத் தேடி அந்த மேசைக்குத் திரும்புவோர் பலர். திரும்புவோரை எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. ஆட்டம் அப்படியே இருக்க, ஆடுவோர் மாறிவிட்டிருந்தால் என் செய்வது?

இந்த வினாவுக்குத் தன் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவள், அந்த ஆட்டம் அச்சேறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முன் வாழ்ந்த எமிலி புரொன்ரே. 'வதறிங் ஹைற்ஸ்' என்னும் ஒரே நாவலால் ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றவள் என்று நம் மாணவர் அவளைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். அவள் வாழ்நாள் முழுதும் ஒரு விளையாட்டை ஆடினாள் என்பதையும், அதைவிட்டுப் பலமுறை பிரிந்து பலமுறை மீண்டாள் என்பதையும் ஆசிரியர்கள் அதிகம் சொல்வதில்லை. சொல்லப்படாத அந்தப் பகுதியையே நான் இங்கு சொல்ல முற்படுகிறேன்.

எமிலி 1818ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள தோர்ன்ரன் என்னும் ஊரிற் பிறந்தாள். தந்தை பற்றிக் புரொன்ரே அயர்லாந்திலிருந்து வந்த பாதிரியார். 1820இல் அவர் ஹாவர்த் என்னும் மலைச் சிற்றூரின் தேவாலயப் பொறுப்பை ஏற்றார். குடும்பம் அங்குள்ள குருமனைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டின் ஒருபுறம் கல்லறைத் தோட்டம். பின்புறம் மரமற்று விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். அடுத்த ஆண்டே தாய் இறந்தாள். தாயின் தமக்கை வந்து வீட்டைப் பொறுப்பேற்றாள்.

பிள்ளைகள் அறுவர். 1824இல் மூத்த பெண்கள் நால்வரும் கோவன் பிரிட்ஜ் என்னுமிடத்திலிருந்த பாதிரிமார் புதல்வியர் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். எமிலிக்கு அப்போது ஆறு வயது. அங்கு நோயுற்ற மூத்தவள் மரியாவும் அடுத்தவள் எலிசபெத்தும் 1825ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களிலே அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய இருவரையும் தந்தை வீட்டுக்கு அழைத்து வந்தார். இனி அந்த வீட்டில் சார்லொற், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் நால்வரே.

1826ஆம் ஆண்டு யூன் மாதத்தில் லீட்ஸ் நகருக்குச் சென்றிருந்த தந்தை, மகன் பிரான்வெலுக்கென ஒரு பெட்டி நிறைய மரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். பன்னிரண்டு பொம்மைகள். விடிந்ததும் நால்வரும் ஆளுக்கொன்றைப் பற்றிக்கொண்டனர். சார்லொற் தன் வீரனுக்கு வெலிங்ரன் கோமகன் என்று பெயரிட்டாள். பிரான்வெல் தன்னுடையதை நெப்போலியன் ஆக்கினான். எமிலியின் பொம்மை முகம் சற்றுக் கடுமையாக இருந்தமையால் அதற்கேற்ற வேடிக்கைப் பெயரொன்று கிடைத்தது. பின்னர் அது வடதுருவப் பயணி பரியின் பெயரைப் பெற்றது. ஆனின் சிறு பொம்மை றொஸ் என்னும் மற்றொரு துருவப் பயணி ஆயிற்று.

இங்கேதான் அந்த ஆட்டம் தொடங்கியது. பன்னிரு வீரரும் கப்பலேறி ஆபிரிக்கக் கரையில் இறங்கி, கண்ணாடிப் பட்டினம் என்றொரு நகரை அமைத்தனர். நால்வரும் அந்த உலகின் பூதங்களாயினர். அவர்களுக்கு விதிகளும் இருந்தன. போரிலே மாண்ட வீரனை உயிர்ப்பிக்கும் ஆற்றல் பூதங்களுக்குண்டு. அண்மையில்தான் இரண்டு தமக்கையரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இயற்றிய விதி இது என்பதை எண்ணும்போது, விளையாட்டுத்தானே என்று அதனை ஒதுக்கிவிட என் மனம் இசைவதில்லை.

1827ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் ஓர் இரவு. முதிய பணிப்பெண் மெழுகுதிரி தர மறுத்துவிட்டாள். சமையலறை நெருப்பின் வெளிச்சத்திலே அமர்ந்திருந்த நால்வரும் ஆளுக்கொரு தீவைத் தெரிந்தெடுத்து, அதற்குத் தலைவர்களையும் நியமித்தார்கள். ஸ்கொட்லாந்தின் அரன் தீவைத் தெரிந்த ஒன்பது வயது எமிலி, சேர் வால்ரர் ஸ்கொட்டைத் தன் தீவின் தலைவராக்கினாள். வீட்டிற்கு வந்த பத்திரிகைகளில் எவரைப் பற்றிப் படித்தார்களோ அவர்களெல்லாம் ஆட்டத்திற்குள் வந்தனர். சீனிப் பைத் தாளையும் சுவர்த் தாளையும் வெட்டித் தைத்து, பொம்மை வீரர் படிப்பதற்கேற்ற அளவிலே, உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி வாசிக்க முடியாத எழுத்தில், சார்லொற்றும் பிரான்வெலும் சஞ்சிகைகள் எழுதினர்.

1831 தொடக்கத்தில் சார்லொற் றோ ஹெட் பாடசாலைக்குச் சென்றாள். மூத்தவள் இல்லாத வேளையில் இளையவர் இருவரும் தம் ஆட்டத்தைத் தனியே பிரித்துக்கொண்டனர். எமிலிக்கு 12 வயது, ஆனுக்கு 11. வட பசிபிக் சமுத்திரத்திலே அவர்கள் எழுப்பிய தீவு நாட்டின் பெயர் கொண்டல். நம் மொழியிலே கொண்டல் என்பது கார்மேகத்தையும் கீழ்க்காற்றையும் குறிக்கும். அவர்கள் அறியாது இட்ட பெயராயினும், புயலும் மூடுபனியும் நிறைந்த அந்த நாட்டிற்கு இதனினும் பொருத்தமான பெயர் தமிழிலும் கிடையாது. தெற்கே கால்டீன் என்றொரு நாட்டையும் கொண்டல் மக்கள் கண்டுபிடித்தனர். வீட்டிலிருந்த கோல்ட்சிமித்தின் பூகோளப் பாடநூலின் பெயரகராதியில், உண்மையான ஊர்களுக்கிடையே, ஆன் தன் கையால் கொண்டல் நாட்டு இடங்களையும் எழுதிச் சேர்த்தாள்.

அந்த நாட்டின் உரைநடை வரலாறுகள் ஒன்றேனும் எஞ்சவில்லை. எஞ்சியவை கவிதைகளும், சகோதரியர் சில ஆண்டுகளுக்கொருமுறை எழுதி ஒரு தகரப் பெட்டியில் வைத்த நாட்குறிப்புத் தாள்களுமே. 1834ஆம் ஆண்டு நவம்பர்த் தாளிலே உருளைக்கிழங்கு தோலுரிப்பதும், பின் அடுக்களையில் துணி துவைக்கப்படுவதும், கொண்டல் மக்கள் கால்டீனின் உட்பகுதியை ஆராய்வதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. 1837ஆம் ஆண்டு யூன் மாதத்தில், விக்ரோரியா அரசியான சில நாட்களுள் எழுதப்பட்ட தாளிலே, கொண்டல் நாட்டிலும் ஒரு முடிசூட்டு விழாவுக்கு ஆயத்தம் நடைபெறுகிறது. அத்தாளில் எமிலி ஒரு சிறு படமும் வரைந்திருக்கிறாள். ஒரு மேசை; அதன்மேற் சிதறிய தாள்கள்; தகரப் பெட்டி; எழுதிக்கொண்டிருக்கும் இரு சகோதரியர். எமிலிக்கு அப்போது 19 வயது நிரம்பும் தறுவாய்.

இனி அவளது பிரிவுகளைக் கூறவேண்டும். 1835ஆம் ஆண்டு யூலையில், சார்லொற் ஆசிரியையாகச் சென்ற றோ ஹெட் பாடசாலைக்கு எமிலி மாணவியாகச் சென்றாள். அங்கு அவளால் மூன்று மாதங்களே தங்க முடிந்தது. உடல் மெலிந்து வீடு திரும்பினாள். மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உறங்கும் வாழ்க்கையிலே கொண்டலுக்கு இடமில்லை. 1838இல் ஹலிபக்ஸ் நகருக்கருகே லோ ஹில் பாடசாலையில் ஆசிரியையானாள். ஏறக்குறைய ஆறு மாதங்களில் அங்கிருந்தும் திரும்பினாள். 1842ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரெஞ்சும் ஜேர்மனும் கற்பதற்காக சார்லொற்றுடன் பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சுக்குச் சென்றாள். அவ்வாண்டின் இறுதியில் பெரியம்மா இறந்தமையால் இருவரும் திரும்பினர். சார்லொற் மீண்டும் பிரசெல்சுக்குப் போனாள், எமிலி போகவில்லை.

இதைக்கொண்டு எமிலியை உலகத்திற்கு அஞ்சி ஒளிந்தவள் என்பாருளர். எனக்கு அது சரியெனத் தோன்றவில்லை. அந்த வீட்டின் பாண் சுட்டவள் அவள். மாப் பிசையும்போதே ஜேர்மன் புத்தகத்தை எதிரே நிறுத்தி வைத்துப் படித்தவள். பெரியம்மா விட்டுச்சென்ற பணத்தை மூவரும் இரயில்வேப் பங்குகளில் இட்டபோது, அவற்றின் கணக்கைக் கவனித்தவளும் அவளே. மாவும் பங்குப் பணமும் கொண்டலும் அவளிடத்தில் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

மற்றவரோ ஆட்டத்தோடு வேறு வேறு விதமாக உறவு கொண்டனர். சார்லொற்றும் பிரான்வெலும் 1834இல் அங்கிரியா என்னும் பேரரசை அமைத்திருந்தனர். றோ ஹெட்டில் வகுப்பறையிலே இருக்கும்போதே சார்லொற்றின் கண்முன் அங்கிரியா விரியும், மாணவி ஒருத்தி ஐயம் கேட்டு வந்தால் அக்கனவு கலையும், சினம் மூளும். ஆசிரியராயுள்ள வாசகர் சிலர் இதனை உள்ளூர உணர்வர். ஆட்டம் தன்னை ஆட்கொள்வதைக் கண்டு அஞ்சிய சார்லொற், 1839 அளவில் அங்கிரியாவுக்கு எழுத்து மூலமே விடை கூறினாள். பிரான்வெலால் அவ்வாறு விடை கூற முடியவில்லை. 1841 முதல் பத்திரிகைகளில் வெளிவந்த அவனுடைய கவிதைகளின் கீழே அங்கிரியாவின் கலகப் பிரபு நோர்தாங்கர்லாண்டின் பெயரே இருந்தது. பாத்திரத்தைக் கழற்றத் தெரியாதவனாயினான் அவன்.

ஆனின் நிலையே மிகக் கடினமானது. 1840 மே முதல் ஐந்து ஆண்டுகள், யோர்க் நகருக்கருகே தோர்ப் கிரீன் என்னும் மாளிகையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாக அவள் உழைத்தாள். நால்வரிலும் வெளியிடத்திலே நீண்டகாலம் நிலைத்து வேலை செய்தவள் அந்தக் கடைக்குட்டியே. விடுமுறைகளில் மாத்திரமே வீடு. பிரான்வெலும் 1843இல் அங்கே ஆசிரியனாக வந்து சேர்ந்தான். மனித இயல்பின் கசப்பான பக்கங்களை அந்த மாளிகையிலே கண்டு மனம் சலித்த ஆன், 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வேலையைத் துறந்து வீடு வந்தாள். அடுத்த மாதமே பிரான்வெல் வேலையினின்று நீக்கப்பட்டான்.

ஆன் வந்த சில நாட்களுள், அக்காவும் தங்கையும் தாமிருவர் மாத்திரமாக முதன்முறை ஒரு நீண்ட பயணம் புறப்பட்டனர். 1845ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி, திங்கட்கிழமை. அன்றிரவு யோர்க் நகரில் தங்கினர். செவ்வாய் மாலை கீத்லி வரை திரும்பி, அங்கு உறங்கி, புதன் காலை நடந்தே வீடு சேர்ந்தனர். வானிலை நன்றாக இருக்கவில்லை. ஆயினும் அந்தப் பயணம் முழுவதும் அவர்கள் எமிலியாகவும் ஆனாகவும் இருக்கவில்லை. கொண்டல் நாட்டின் இளவரசரும் சீமாட்டியருமாக மாறி மாறிப் பாத்திரமேற்றனர். கல்வி மாளிகைகளிலிருந்து தப்பியோடி, வெற்றி கொண்டுவரும் குடியரசுப் படைகளால் நெருக்குண்ட அரச பக்தருடன் சேர விரையும் அகதிகள் அவர்கள். எமிலிக்கு 27 வயதாக ஒரு மாதம் இருந்தது. ஆனுக்கு 25.

இக்காட்சியை நான் பலகாலும் நினைப்பதுண்டு. ஐந்தாண்டுக் கூலி வாழ்வின் களைப்போடு வந்த தங்கையை, அக்காள் வேறெதுவும் கேளாமல் பழைய ஆட்டத்திற்குள் அழைத்துக்கொள்கிறாள். தப்பியோடும் அகதி என்ற பாத்திரம், தோர்ப் கிரீனிலிருந்து அப்போதுதான் விடுபட்டவளுக்கு எத்துணைப் பொருந்துகிறது பாருங்கள்!

ஒரு மாதத்தின் பின், எமிலியின் பிறந்தநாளை ஒட்டி, இருவரும் தனித்தனியே நாட்குறிப்புத் தாள் எழுதினர். எமிலியின் தாளிலே மகிழ்ச்சி பொங்குகிறது. கொண்டல் என்றும்போல ஒளியோடு விளங்குகிறதென்றும், அந்தப் போக்கிரிகள் தமக்கு இன்பம் தரும் வரையில் அவர்களைக் கைவிடுவதில்லையென்றும் அவள் கருதுகிறாள். முதற் போர்களின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனின் தாளோ வேறு தொனியில் அமைந்தது. கொண்டல் இப்போது விளையாடுவதற்கு ஏற்ற நிலையில் இல்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. இனியேனும் சீர்ப்படுமோ என்று ஐயுறுகிறாள். அதே நாட்களில் அவள் ஒரு தனிமனித வாழ்க்கைக் கதையின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கியிருந்தாள். அதுவே பின்னர் 'அக்னஸ் கிரே' என்னும் நாவலாயிற்று என்பது ஆய்வாளர் பலர் துணிபு. கற்பனை நாட்டைவிடத் தான் கண்ட உலகமே அவள் எழுதுகோலை இழுத்தது.

ஒரே பயணம், ஒரே ஆட்டம், இரு தாள்களில் இரு மனங்கள். ஆட்டத்திற்கு மீளுவோர் எதிர்கொள்ளும் துயரம் இதுவே. ஒருத்திக்கு அந்த நாடு வாடவேயில்லை. மற்றவளுக்கு அது நிறம் மங்கிவிட்டது. ஆயினும் ஆன் அக்காவிடமிருந்து விலகிப் போகவில்லை. பயணம் முழுவதும் கூட ஆடினாள். வீட்டிலும் கொண்டல் நாட்டுக் கட்டுரைகளும் கவிதைகளும் எழுதிக்கொண்டேயிருந்தாள். தனக்கு ஆசை குன்றியபின்னும் மற்றவளின் மகிழ்ச்சிக்காக மேசையை விட்டு எழாதிருப்பதும் அன்பின் ஒரு வகையே.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் சார்லொற் தற்செயலாக எமிலியின் கவிதைக் கையேடொன்றைக் கண்டு படித்தாள். எமிலி கடுஞ்சினம் கொண்டாள். ஒரு கையேட்டிற்குக் கொண்டல் கவிதைகள் என்றே தலைப்பிட்டு, முந்திய ஆண்டில் அவள் படியெடுத்து வைத்திருந்தாள். பலமாக வற்புறுத்தியபின் அச்சிட இணங்கினாள். ஆனால் கொண்டல் நாட்டுப் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டாள். மூவரும் தம் செலவிலேயே, பெல் என்னும் புனைபெயரில், 1846 மே மாதத்தில் வெளியிட்ட அந்நூல் முதல் ஓராண்டில் இரண்டு பிரதிகளே விற்பனையாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாண்ட காதலனின் கல்லறையை நினைந்து ஒருத்தி புலம்பும் கவிதை அதிலுண்டு. இன்று ஆங்கிலக் காதற் கவிதைகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றென அது போற்றப்படுகிறது. அதைப் பாடியவள் எமிலியல்லள்; கொண்டலின் அரசி ஒருத்தி. அக்கவிதைக்கு எமிலி இட்ட திகதி 1845 மார்ச் 3. எமிலியின் சொந்த வாழ்விலே காதலனைத் தேடிய விமரிசகர் பலர் வெறுங்கையோடு மீண்டது இதனாலேயே.

1847 டிசம்பரில் 'வதறிங் ஹைற்ஸ்' வெளிவந்தது. இறந்த காதலியை ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் மறவாது தன்னையே எரித்துக்கொள்ளும் ஹீத்கிளிவ், கொண்டல் அரசியின் உடன்பிறந்தவன் போலவே எனக்குத் தோன்றுகிறான். அடிமையாதல், சிறைப்படுதல், துரோகம், மரணத்தை எதிர்த்து நிற்கும் காதல் ஆகிய கொண்டலின் பொருள்கள் யாவும் இங்கே யோர்க்சயரின் மண்ணுக்கும் சமையலறைக்கும் இறங்கி வந்திருக்கின்றன. பதினாறு ஆண்டுகள் அவள் ஆடிய ஆட்டமே அவளுக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. அயலவரோடு அதிகம் பழகாத ஒரு பாதிரியார் மகளுக்குக் கொடியவனின் உள்ளமும் கைதியின் உள்ளமும் எவ்வாறு தெரிந்தன என்று அக்கால விமரிசகர் வியந்தனர். அவள் கொடியவனாகவும் கைதியாகவும் வாழ்ந்து பார்த்திருந்தாள், அதுவே விடை.

இதிற் குறிக்கத்தக்கது இன்னொன்று. நாவலை எழுதி முடித்ததும் அவள் கொண்டலைக் கைவிடவில்லை. 1846 யூலையில் நாவற் கைப்பிரதி பதிப்பாளருக்கு அனுப்பப்பட்டபின், செப்டம்பர் 14ஆந் திகதியிட்டு அவள் எழுதிய நீண்ட கவிதை கொண்டல் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றியதே. 1848 மே மாதத்தில் அதையே மீண்டும் எடுத்துத் திருத்தி எழுதத் தொடங்கினாள். திகதியிட்ட அவளுடைய எழுத்துக்களிற் கடைசியானது அது.

1848 செப்டம்பர் 24ஆந் திகதி பிரான்வெல் இறந்தான். அவன் சவ அடக்கத்தின்போது எமிலிக்குத் தடிமன் பற்றியது, சயரோகம் முற்றியது. வைத்தியரை மறுத்தாள். டிசம்பர் 19ஆந் திகதி, முப்பதாம் வயதிலே, உயிர் நீத்தாள். 1849 மே 28ஆந் திகதி ஆனும் ஸ்காபரோ கடற்கரை நகரிலே அதே நோயால் மாண்டாள். கொண்டலை அறிந்த இருவரும் ஐந்து மாதத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் மறைய, அந்த நாடும் மறைந்தது. அதன் சிதறிய துண்டுகளைத் திரட்டி, கவிதைகளின் பின்னே நிற்கும் கதையை மீளக் கட்டியெழுப்ப முயன்ற அமெரிக்க ஆய்வாளர் வனி றச்வோர்ட் 1955இல் கொண்டல் அரசியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

பழைய ஆட்டத்திற்கு மீளுதல் பிள்ளைப் பருவத்திற்கு மீளுதல் அன்று என்பதே எமிலியின் வாழ்க்கையில் நான் காணும் உண்மை. பிள்ளைப் பருவத்திற்கு எவரும் மீள முடியாது. அவள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோவொன்றைக் கொண்டு மீண்டாள். றோ ஹெட்டின் தனிமையையும், லோ ஹில்லின் களைப்பையும், பிரசெல்சின் கல்வியையும் கொண்டலிலே கொட்டினாள். ஆட்டமும் அவளோடு சேர்ந்து முதிர்ந்தது. முதிர்ந்தபடியாற்றான் அது நாவலுக்கும் உரமாயிற்று. ஆனால் அந்த நாட்டை வைத்துக் காப்பதற்கு ஒருத்தி போதவில்லை, இருவர் வேண்டியிருந்தது.

அந்த வீட்டிலே ஒரு வழக்கம் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குத் தையலை வைத்துவிட்டு, சகோதரியர் மூவரும் உணவறை மேசையைச் சுற்றி நடந்தவாறே தம் கதைகளைப் பேசுவர். மூவர் இருவராயினர், இருவர் ஒருத்தியாயினர். 1849இன் பின், அங்கிரியாவுக்கு முதலில் விடை கூறிய சார்லொற்றே எஞ்சினாள். இரவுதோறும் அவள் தனியே அந்த மேசையைச் சுற்றி நடக்கும் காலடி ஓசையைப் பணிப்பெண் அடுக்களையிலிருந்து கேட்டு மனம் நோவாளாம். அந்தக் குருமனை 1928 முதல் நூதனசாலையாக விளங்குகிறது.